கரண்ட் வந்தது, பிரிண்டர் வரவில்லை: மலை வீட்டில் வைஃபை பிரிண்டர் அமைக்க

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு இந்த மாதிரி ஒரு போன் நிச்சயம் வரும். இந்த முறை கூப்பிட்டது கீழ்த்தெரு டீச்சர் அக்கா.

"தம்பி, கரண்ட் வந்து அரை மணி நேரம் ஆச்சு. லைட் எரியுது, டிவி ஓடுது, வைஃபைகூட இருக்குது. பிரிண்டர் மட்டும் ஆஃப்லைன்னே காட்டுது. காலையில கொஸ்டின் பேப்பர் வேணும்."

போய்ப் பார்த்தேன். பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. அதன் சின்னத் திரையில் 192.168.1.7 என்று இருந்தது. லேப்டாப்போ 192.168.1.4 என்ற முகவரிக்கே பக்கங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த 4 இப்போது அக்கா பையனின் போனுக்குப் போயிருந்தது. மதியம் கற்பூர மரக் கிளை முறிந்து கம்பியில் விழுந்து, கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் எல்லோருக்கும் எண்களைப் புதிதாகப் பங்கு போட்டுவிட்டது. லேப்டாப்புக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

மலையில் வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களின் புகார்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். பிரிண்டருக்கு மாறாத ஒரு எண்ணை வாங்கிக் கொடுக்காமல், டிரைவரை, அதாவது பிரிண்டரை ஓட்டும் மென்பொருளை, எத்தனை தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அடுத்த மின்தடை வரைக்கும்தான் ஓடும். அந்த எண்ணை வாங்கும் இடத்தில்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளும். மற்றதெல்லாம் பெட்டிக்குள் வரும் படத்தாளிலேயே ஓரளவு இருக்கிறது.

பெட்டியைப் பிரிக்கும் முன்

முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் இழுக்க வந்த தம்பி, கேபிள் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அது வீட்டின் ஒரு மூலை. பிரிண்டரை வைக்க நினைத்திருப்பது இன்னொரு மூலை. நடுவில் கல் சுவர். வெள்ளைக்காரன் காலத்து வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினாலே சிக்னல் பாதியாகிவிடும். தகரம் அதைவிட மோசம். தகரக் கூரை போட்ட சாய்ப்பு அறைக்குள் வைஃபை நுழைவது பெரும்பாடு. பலகைத் தடுப்பு அவ்வளவாகத் தொல்லை தராது.

என்னைக் கேட்டால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பிரிண்டரை வையுங்கள். வயர் இல்லாத பிரிண்டர் என்பதால் லேப்டாப்பும் போனும்தான் வீடு முழுக்கச் சுற்ற வேண்டும், பிரிண்டர் அல்ல. ஈரம் கசியும் சுவரை ஒட்டியும், பனி உள்ளே வரும் ஜன்னலின் கீழும், ரூம் ஹீட்டர் பக்கத்திலும் மட்டும் வேண்டாம்.

அடுத்தது அலைவரிசை. இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் ஓடுகின்றன. வீட்டுக்கு வாங்கும் விலை குறைந்த பிரிண்டர்களில் பலவும் 2.4 மட்டுமே அறிந்தவை. சுவரைத் தாண்டுவதிலும் 2.4தான் கெட்டி. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் வரும் ரவுட்டராக இருந்தால், அமைக்கும் நேரத்துக்கு மட்டுமாவது 5ஐ நிறுத்திவிடுங்கள், அல்லது அதற்கு வேறு பெயர் வையுங்கள். போன் 5இல் ஒட்டிக்கொண்டு, பிரிண்டர் 2.4இல் தேடிக்கொண்டிருப்பதால் முதல் நாளே தகராறு தொடங்கும் வீடுகள் அதிகம்.

பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர்கள் சேராது. டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், நீளமாக இருந்தால் சரி. நாலு பட்டன் மட்டுமே உள்ள பிரிண்டரில் ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை அமுக்கி நகர்த்தும்போது, விசித்திரக் குறிகள் போட்டதற்காக உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

முதல் நாள்

பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் இதைத் தொடங்காதீர்கள். மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் என்றால், ஊற்றி முடித்ததும் அது மையைக் குழாய்களில் ஏற்றிக்கொள்ளப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும். நடுவில் கரண்ட் போகக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் நிற டேப்புகள் எல்லாவற்றையும் உரித்துவிட்டீர்களா என்று மூடியைத் திறந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு டேப்பை மறந்துவிட்டு, பேப்பர் சிக்குகிறது என்று ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன்.

மை ஏறியதும் போனை எடுத்து 2.4 வைஃபையில் சேருங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். ப்ளூடூத்தும் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும், புதுப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கப் பல ஆப்கள் அவற்றைக் கேட்கும். பிறகு அந்தந்தக் கம்பெனியின் ஆப்பை இறக்கி, அது சொல்கிறபடி போங்கள். கணக்குத் தொடங்கு, இமெயில் கொடு என்றெல்லாம் நச்சரிக்கும். தவிர்க்க வழி இருந்தால் தவிர்த்துவிடுவேன். ஒரு பக்கம் அச்சடிக்க எதற்கு இமெயில்?

ஆப் சரிப்படவில்லையா? திரை உள்ள பிரிண்டரில் நேரே வயர்லெஸ் அமைப்புக்குள் போய், வீட்டு வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போடலாம். என் முதல் தேர்வே இதுதான், நடுவில் யாரும் இல்லை. திரை இல்லாததில் டபிள்யூபிஎஸ் வழி உண்டு: பிரிண்டரின் வைஃபை பட்டனை விளக்கு சிமிட்டும் வரை அமுக்கிப் பிடித்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரின் டபிள்யூபிஎஸ் பட்டனைத் தட்ட வேண்டும். சில ரவுட்டர்களில் அந்தப் பட்டன் இருக்கும், வசதி உள்ளே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தட்டித் தட்டி ஒன்றும் நடக்காவிட்டால் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

புதுப் பிரிண்டர் அமைப்பு நிலையில் காத்திருப்பது குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். காபி குடித்து, பேசிவிட்டு வருவதற்குள் அது வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆப்பில் பெயரே தெரியாவிட்டால் பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் அமைப்பை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். விளக்கு மறுபடி சிமிட்டத் தொடங்கும். சிமிட்டினால் தேடுகிறது, நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. பெரும்பாலான மாடல்களில் கணக்கு இதுதான்.

நிரந்தர எண் வாங்கிக் கொடுப்பது

இப்போது பிரிண்டரில் நெட்வொர்க் அறிக்கை ஒன்றை அச்சடியுங்கள். மெனுவில் நெட்வொர்க் ரிப்போர்ட், கான்ஃபிகரேஷன் பேஜ் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அந்தத் தாளில் இரண்டு வரி போதும். ஒன்று ஐபி முகவரி, 192.168 என்று தொடங்கும். இன்னொன்று மேக் முகவரி, எண்ணும் எழுத்தும் கலந்து இரண்டிரண்டாக ஆறு ஜோடி. கேபிள் செருகும் துளையும் உள்ள பிரிண்டரில் இரண்டு மேக் முகவரி இருக்கும். வயர்லெஸ் என்று எழுதியிருப்பதை எடுங்கள். நான் ஒரு முறை மற்றதை எடுத்துக்கொண்டு, ரவுட்டர்மேல் பழி போட்டிருக்கிறேன்.

மேக் முகவரி என்பது கம்பெனியிலேயே குத்தி அனுப்பும் எண், மாறாது. ஐபி முகவரி ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுப்பது. இந்த மேக் வந்து கேட்டால் எப்போதும் இந்த ஐபியைத்தான் கொடு என்று ரவுட்டரிடம் எழுதி வைப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பலவற்றில் 192.168.1.1, ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதற்காகச் சுவரிலிருந்து கழற்றுவதானால் அந்த மெல்லிய ஃபைபர் கேபிளை மடக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. உள்ளே போனதும் லேன் அல்லது நெட்வொர்க் பகுதியில் எண்களைப் பங்கு போடும் டிஎச்சிபி என்ற இடத்தைத் தேடுங்கள். அதற்குள் ரிசர்வேஷன், ஸ்டாடிக் லீஸ், பைண்டிங் என்று ரவுட்டருக்கு ஒரு பெயரில் இருக்கும். மேக் முகவரியைப் பதியுங்கள். எதிரே ஐபி என்று 192.168.1.50 மாதிரி, வீட்டில் வேறு எதுவும் பிடித்திராத ஒரு எண்ணைக் கொடுங்கள். முதல் மூன்று பகுதியும் உங்கள் ரவுட்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் உங்கள் விருப்பம். சேமித்துவிட்டு, பிரிண்டரைப் பட்டனால் அணைத்து மறுபடி போடுங்கள். மறுபடி ஒரு அறிக்கை அச்சடித்தால் 50 வந்திருக்க வேண்டும்.

சில இணைப்புகளில் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது பிரிண்டரின் மெனுவிலேயே ஐபியைத் தானியங்கியிலிருந்து மேனுவலுக்கு மாற்றி எண்ணைக் கைப்பட எழுதலாம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி. இதில் ஒரு சிக்கல்: நாளைக்கு இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினால், வீட்டு எண்கள் எல்லாம் 192.168.29 என்று மாறி, கைப்பட எழுதிய பிரிண்டர் மட்டும் பழைய தெருவிலேயே நின்றுகொண்டிருக்கும். அதனால் ரவுட்டரில் பதிவதையே நான் சொல்வேன்.

லேப்டாப்பிலும் போனிலும் சேர்ப்பது

விண்டோஸ் தானாகத் தேடிப் பிரிண்டரைச் சேர்க்கும்போது டபிள்யூஎஸ்டி என்ற வழியில் சேர்ப்பது வழக்கம். முதல் வாரம் நன்றாக ஓடும். பிறகு தூங்கி எழுந்த பிரிண்டரை அதற்கு அடையாளம் தெரியாமல் போகும், ஆஃப்லைன் என்று சாதிக்கும். நிரந்தர எண் கையில் இருப்பதால் நேர்வழியில் போகலாம். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் திறந்து, ஆட் டிவைஸ் தட்டி, தேடி முடிக்கும் வரை பொறுத்திருந்தால் பட்டியலின் கீழே ஆட் மேனுவலி என்று வரும். அதில் ஐபி முகவரி வழியாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, வகை என்ற இடத்தில் டிசிபி ஐபி டிவைஸ் என்று வைத்து, உங்கள் எண்ணை அடியுங்கள். டிரைவரைக் கேட்டால் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கியதைக் கொடுங்கள். முன்பு சேர்த்த பழைய பிரிண்டர் பெயரை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு இருக்கும், நீங்கள் எப்போதும் செத்துப்போனதற்கே அனுப்புவீர்கள். அதே பக்கத்தில் இயல்பான பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கட்டும் என்ற தேர்வையும் நிறுத்திவிடுங்கள்.

ஐபோனுக்கும் மேக் கணினிக்கும் ஆப்பிளின் அச்சு வசதியான ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டர் என்றால் வேறொன்றும் வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டில் கூடவே வரும் பிரிண்ட் சேவை பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ் என்ற இலவச ஆப்பைப் போடுங்கள்.

அச்சாகவில்லை என்றால்

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அணைத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். இரண்டே சோதனைகளில் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முதலில், ஒரு தாளைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பிரிண்டரின் ஜெராக்ஸ் பட்டனைத் தட்டுங்கள். அதுவே வராவிட்டால் வைஃபையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. மை, பேப்பர், சிக்கல் எதுவோ அதைப் பாருங்கள்.

அது வந்துவிட்டால், வீட்டு வைஃபையில் உள்ள போனில் பிரவுசரைத் திறந்து பிரிண்டரின் எண்ணை, அதாவது நம் 192.168.1.50ஐ அடியுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் ஒன்று திறக்கும். மை எவ்வளவு, மாடல் என்ன என்றெல்லாம் காட்டும். அந்தப் பக்கம் திறந்தால் பிரிண்டரும் ரவுட்டரும் குற்றமற்றவை, கோளாறு லேப்டாப்பில். திறக்காவிட்டால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள், கோளாறு வைஃபையில்.

லேப்டாப் பக்கம் என்றால் முதலில் கேட்க வேண்டியது: ஆபீஸ் விபிஎன் ஓடுகிறதா? கோவையிலோ பெங்களூரிலோ கம்பெனி, வேலை இங்கே வீட்டிலிருந்து என்று இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். விபிஎன் ஆனில் இருந்தால் லேப்டாப் உங்கள் வீட்டையே பார்க்காமல் ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். துண்டித்துவிட்டு அச்சடியுங்கள். பிரிண்ட் வரிசையைத் திறந்து, யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன் என்பதில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் ஏதாவது சிக்கிக்கொண்டு அழிய மறுத்தால், தேடும் பெட்டியில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, பிரிண்ட் ஸ்பூலர் என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டீச்சர் அக்கா வீட்டில் எண்ணைச் சரிசெய்ததும், தவிப்பில் அவர் பதினோரு முறை அனுப்பி வைத்திருந்த கொஸ்டின் பேப்பர் மொத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியது. வரிசையை முதலில் காலி செய்ய வேண்டும் என்று நானும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வைஃபை பக்கம் என்றால் பிரிண்டரின் திரையில் அல்லது அறிக்கையில் எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், அதற்கு ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. மின்தடைக்குப் பிறகு இது சகஜம். பிரிண்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் சாவகாசமாக எழும். ரவுட்டரின் விளக்குகள் நிலையானதும் பிரிண்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். 0.0.0.0 என்றால் வைஃபையிலேயே இல்லை, பாஸ்வேர்டு மாறியிருக்கலாம். எண் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையென்றால், போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வழியில் சேர்ந்தவை வீட்டுப் பிரிண்டரைப் பார்க்க முடியாது. ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் என்ற தேர்வு ஆனில் இருந்தாலும் இதே விளைவுதான், அதை அணையுங்கள். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: விருந்தாளிகள் கெஸ்ட்டிலேயே இருக்கட்டும். டிக்கெட் அச்சடிக்க வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்கள் அடித்துக் கொடுங்கள்.

தோட்டத்தில் தனி காட்டேஜுக்கு என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கிப் போட்டிருப்பவர்கள் இன்னொரு பொறியில் மாட்டுவார்கள். முதல் ரவுட்டரின் கீழ் இருப்பவை 192.168.1, இரண்டாவதன் கீழ் இருப்பவை 192.168.0. அங்கே ஒரு தெரு, இங்கே ஒரு தெரு, நடுவில் கேட். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதற்குள் போய் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையில் காலியாக உள்ள ஒரு எண்ணாக மாற்றி, கேபிளை இணையம் நுழையும் வேன் துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளையில் செருகுங்கள். எல்லாம் ஒரே தெருவாகிவிடும்.

மழை, பனி, கரண்ட்

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நமக்கு வடகிழக்கில்தான் கனமழை. எந்தப் பருவமானாலும் பேப்பர் ஈரத்தை உறிஞ்சும். ஈரப் பேப்பர் இரண்டு மூன்றாக ஒட்டி இழுபடும், சிக்கும், லேசர் பிரிண்டரில் சுருண்டு வெளியே வரும். ட்ரேயில் இருபது முப்பது தாள் மட்டும் வையுங்கள், மிச்சத்தை அதன் உறையிலேயே சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். நான் அரிசி வைத்திருந்த பெரிய டப்பா ஒன்றை வீட்டில் கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறேன்.

மை பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனாலேயே அணையுங்கள். சுவர் ஸ்விட்சில் அணைத்தால் மை தெளிக்கும் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்கார நேரமிருக்காது, மை காயும். வாரம் ஒரு கலர்ப் பக்கம் அச்சடித்துவிடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் சின்ன யூபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ மாட்டாதீர்கள், தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டை அவை தாங்காது.

அந்த யூபிஎஸ்ஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. மழையில் ஃபைபர் அறுந்து இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாவிட்டாலும், ரவுட்டரில் உயிர் இருக்கும்வரை வீட்டுக்குள் வைஃபை இருக்கும். லேப்டாப்பில் உள்ள ஃபைலை அச்சடிக்க இன்டர்நெட் தேவையே இல்லை. எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடுவேன் என்ற நிபந்தனையோடு விற்கும் சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு, அதனால் வாங்கும்போது பெட்டியில் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். ரவுட்டரும் போய்விட்டால் வைஃபை டைரக்ட் இருக்கிறது, போனைப் பிரிண்டரோடு நேராகச் சேர்க்கலாம். அதுவும் அடம் பிடிக்கும் நாளுக்காக ஒரு யூஎஸ்பி கேபிளைப் பிரிண்டருக்குப் பின்னாலேயே சுருட்டி வையுங்கள். பல பெட்டிகளில் இப்போது அதைக் கொடுப்பதில்லை, தனியாக வாங்க வேண்டும்.

டீச்சர் அக்கா வீட்டுப் பிரிண்டரின் மூடியில் இப்போது ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, பள்ளி நோட்டில் பெயர் எழுதி ஒட்டுகிற அந்தச் சிவப்பு ஓரம் போட்டது. பெயர் என்ற இடத்தில் பிரிண்டர், வகுப்பு என்ற இடத்தில் 192.168.1.50. அவர் கையெழுத்து.